நிலா இருக்கும் சின்னக் கோளுக்கு வளையம் நிலைக்குமா?

கேள்வி இது: சில நூறு அல்லது ஆயிரம் கிலோமீட்டர் அளவுள்ள ஒரு சின்னக் கோளுக்கு வளையமும் இருக்கிறது, நிலாவும் இருக்கிறது. நிலாவின் இழுப்பில் வளையம் சிதறிவிடாதா? நிலா எவ்வளவு தள்ளி இருந்தால் வளையம் தப்பும்? இதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். பதிலையும் முதலிலேயே சொல்லிவிடலாம். இதுவரை கண்டறிந்த அமைப்புகளில் நிலாவால் வளையத்துக்குப் பெரிய தொந்தரவு இல்லை. வளையத்தின் தலையெழுத்தை எழுதுபவை இரண்டு: தாய்க்கோளின் கோணல் உருவமும் அதன் சுழற்சியும் ஒன்று, வளையத் துகள்கள் தங்களுக்குள் மோதிக்கொள்வது இன்னொன்று. நிலாவை மட்டும் கணக்கில் வைத்து மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் விடை தலைகீழாக வரும்.

எந்தெந்தக் கோள்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடுவோம். சனிக்கும் யுரேனஸுக்கும் இடையில் சுற்றும் கரிக்லோவுக்கு விட்டம் ஏறக்குறைய 250 கி.மீ. 2013 ஜூன் 3 அன்று அது ஒரு விண்மீனை மறைத்தபோது 391, 405 கி.மீ. ஆரங்களில் இரண்டு குறுகிய வளையங்கள் தெரிந்தன. உள்வளையம் சுமார் 7 கி.மீ. அகலம், வெளிவளையம் சுமார் 3 கி.மீ. கரிக்லோவுக்கு நிலா எதுவும் தெரியவந்ததில்லை. நெப்டியூனுக்கு அப்பால் இருக்கும் ஹௌமியாவுக்கு ஹியாகா, நமாகா என்று இரண்டு நிலா. 2017 ஜனவரி 21 மறைப்பில் அதைச் சுற்றி 2,287 கி.மீ. ஆரத்தில், சுமார் 70 கி.மீ. அகலத்தில் ஒரு வளையம் கிடைத்தது. 1,100 கி.மீ. விட்டமுள்ள குவாவாருக்கு வேய்வோட் என்று ஒரு நிலா. 2023-இல் வெளியான இரண்டு ஆய்வுகளின்படி 4,057 கி.மீ.யிலும் 2,520 கி.மீ.யிலும் இரண்டு வளையங்கள். ஆக, வளையமும் நிலாவும் சேர்ந்து இருக்கும் சின்னக் கோள்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை ஹௌமியாவும் குவாவாரும்தான். கீழே வரும் கணக்குகளுக்கு அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வளையங்கள் எதையும் நேரடியாகப் படம்பிடித்துக் கண்டுபிடிக்கவில்லை. கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது, விண்மீனின் ஒளி கோளுக்கு முன்பும் பின்பும் ஒரு கணம் மங்கும். இரு பக்கமும் ஒரே தூரத்தில் மங்கினால் வளையம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் நிலாவாகவும் இருக்கலாம். இந்த வேறுபாடு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவுசெய்தார்கள். அதில் தெரிந்த மங்கலை யுரேனஸின் புதிய நிலா என்று விளக்கி ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதே ஆண்டு கட்டுரை வெளியிட்டார்கள். பல இடங்களின் பதிவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது அது வளையம் என்று தெரிந்தது. பதிவு அருமையானது, ஒற்றை இடத்துப் பதிவுக்கு இருக்கும் எல்லை அது. சின்னக் கோள்களில் இன்றும் அதே எல்லைதான். அதனால்தான் ஒரே மறைப்பைப் பல நாடுகளில் வரிசையாக நின்று பதிவுசெய்கிறார்கள்.

இனி நிலா. முதல் கணக்கு ஹில் ஆரம்: நிலாவின் ஈர்ப்பு தாய்க்கோளின் ஈர்ப்பை மிஞ்சி நிற்கும் எல்லை. நிலாவின் நிறையைத் தாய்க்கோள் நிறையின் மூன்று மடங்கால் வகுத்து, கனமூலம் எடுத்து, நிலாவின் தூரத்தால் பெருக்க வேண்டும். நமாகாவின் நிறை ஹௌமியாவின் நிறையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. தூரம் சுமார் 25,700 கி.மீ. பெருக்கினால் ஹில் ஆரம் 1,400 கி.மீ. வரும். நமாகாவின் பாதை நன்றாகவே நீண்ட நீள்வட்டம், மையத்தொலைத்தகவு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நீண்டிருக்கிறது என்று காட்டும் எண்; வட்டத்துக்கு 0) 0.25 அளவில். எனவே சராசரித் தூரத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது, அது மிக அருகில் வரும் தூரத்தை எடுக்க வேண்டும்: சுமார் 19,000 கி.மீ. அப்போதும் வளையத்துக்கும் நமாகாவுக்கும் நடுவே பன்னிரண்டு ஹில் ஆரம் இடம் இருக்கிறது.

ஹில் ஆரத்தைவிடக் கறாரான சோதனை ஒன்று உண்டு. நிலாவும் துகளும் சுற்றும் காலங்கள் முழு எண் விகிதத்தில் அமைந்து, தள்ளல்கள் ஒரே விதமாகத் திரும்பத் திரும்ப விழும் இடங்களை ஒத்ததிர்வுகள் என்பார்கள். நிலாவின் பாதையையொட்டி அதன் ஒத்ததிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் பட்டை ஒன்று இருக்கும். அந்தப் பட்டைக்குள் எந்தத் துகளும் நிலையாகச் சுற்ற முடியாது. பட்டையின் அரை அகலம்: நிறை விகிதத்தின் 2/7 அடுக்கை 1.3-ஆல் பெருக்கி, அதை நிலாவின் தூரத்தால் பெருக்குங்கள். நமாகாவுக்கு இது தூரத்தில் 15 சதவீதம், அதாவது 3,800 கி.மீ. வேய்வோட்டின் விட்டத்தை 170 கி.மீ. என்றும் அடர்த்தியைத் தண்ணீர் அளவு என்றும் வைத்துக்கொண்டால் நிறை குவாவாரில் சுமார் ஐந்நூற்றில் ஒரு பங்கு. பட்டை 22 சதவீதம். வேய்வோட் இருக்கும் 13,300 கி.மீ.யிலிருந்து 2,900 கி.மீ.யைக் கழித்தால் 10,400. குவாவாரின் வெளிவளையம் 4,057-இல்தான் இருக்கிறது. இரண்டு இடத்திலும் வளையம் நிலாவின் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

எட்ட வைக்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்தால் அளவு புரியும். அதே நமாகாவை, அதே நீள்வட்டத் தன்மையோடு, 4,000 கி.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். அருகில் வரும்போது 3,000 கி.மீ.; அதிலிருந்து 15 சதவீதப் பட்டையான 600 கி.மீ.யைக் கழித்தால் 2,400. இப்போதுதான் பட்டையின் விளிம்பு 2,287-இல் இருக்கும் வளையத்தை உரசும் நிலைக்கு வருகிறது. நீள்வட்டமாகச் சுற்றும் நிலாவுக்கு அந்தப் பட்டை இந்த வாய்ப்பாடு சொல்வதைவிட இன்னும் விரியும் என்பதால் நடைமுறையில் வளையம் அங்கே பிழைக்காது. ஓர் எச்சரிக்கை: இன்று நிலா எங்கே இருக்கிறது என்பதோடு கணக்கு முடியாது. கடல் ஏற்றவற்றம் போன்ற இழுவிசையால் நிலாக்கள் காலப்போக்கில் வெளியே நகர்ந்திருக்கும். நகரும்போது அவற்றின் ஒத்ததிர்வுகளும் வளையம் இருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டு போயிருக்கும். நிலா நகர்ந்து முடித்த பிறகு உண்டான வளையமா, அதற்கு முந்தியதா என்பது இதனால் முக்கியமாகிறது.

சூரியனையும் பெரிய கோள்களையும் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. சூரியனைப் பொறுத்தவரை ஹௌமியாவின் ஹில் ஆரம் ஐம்பது லட்சம் கி.மீ.க்கு மேல், 2,287 கி.மீ. அதில் ஒரு தூசு. பெரிய கோள்களுக்கு நடுவே திரியும் கரிக்லோவுக்குக்கூட, அதன் வெளிவளையத்தை யுரேனஸ் உரித்தெடுக்க வேண்டுமென்றால் கரிக்லோ யுரேனஸுக்குச் சுமார் 1.4 லட்சம் கி.மீ.க்குள் வர வேண்டும். யுரேனஸின் ஆரத்தைப் போல் அது ஐந்தரை மடங்குதான். அவ்வளவு நெருக்கம் அபூர்வம்.

அப்படியென்றால் ஆபத்து எங்கே? தாய்க்கோளிடம்.

ஹௌமியா உருண்டை இல்லை. 3.9 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழல்வதால் நீண்டு தட்டையாகிக் கிடக்கிறது. மறைப்பில் அளந்த அரையச்சுகள் 1,161, 852, 513 கி.மீ. இப்படிப்பட்ட உடலின் ஈர்ப்பைப் புள்ளி நிறையாகக் கருத முடியாது. தட்டைத்தன்மையைக் குறிக்கும் எண்ணை ஜே2 என்பார்கள்; நடுவரைத் தளத்தில் ஒரு பக்கம் நீண்டிருப்பதைக் குறிக்கும் எண் சி22. உள்ளே அடர்த்தி சீராக இருப்பதாக வைத்துக்கொண்டால் இவற்றைக் கையாலேயே கணக்கிடலாம். முதல் இரண்டு அரையச்சுகளின் வர்க்கங்களைக் கூட்டி, மூன்றாவதன் வர்க்கத்தை இரண்டு முறை கழித்து, பத்தால் வகுங்கள். 1,54,700 சதுர கி.மீ. கிடைக்கும் (கோளுக்கென நாம் தேர்ந்தெடுக்கும் ஓர் ஆரத்தின் வர்க்கத்தால் இதை வகுத்தால் வருவதுதான் ஜே2). அதை வளைய ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் 0.044.

இந்த 0.044-தான் இங்கே மையமான எண். வளையத் துகளின் நீள்வட்டப் பாதை, ஒவ்வொரு சுற்றுக்கும் தன் முழுத் திருப்பத்தில் 4.4 சதவீதம் திரும்புகிறது என்று அதற்குப் பொருள். வளையம் ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 11.7 மணி நேரம். அப்படியானால் பாதை முழுதாக ஒருமுறை திரும்பப் பதினொரு நாள் போதும். இதே வேலையை நிலாக்கள் எவ்வளவு செய்கின்றன? முக்கால் பெருக்கல் நிறை விகிதம் பெருக்கல் தூர விகிதத்தின் கனம். ஹியாகாவின் நிறையை ஹௌமியாவில் இருநூற்றில் ஒரு பங்கு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், தூரம் 50,000 கி.மீ. என்பதால் 0.00000036 வருகிறது. நமாகாவுக்கு 0.00000027. இரண்டையும் கூட்டி ஒப்பிட்டால் ஹௌமியாவின் தட்டை உருவம் நிலாக்களைவிட எழுபதாயிரம் மடங்கு வலுவாக வளையத்தைத் திருப்புகிறது.

இதனால் வளையத்துக்கு நன்மைதான். நமாகாவின் பாதை மற்ற நிலாவின் தளத்திலிருந்து 13 பாகை அளவுக்குச் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த, நீண்ட பாதையில் வெகு தூரத்தில் சுற்றும் உடல், உள்ளே சுற்றும் துகளின் பாதையைக் காலப்போக்கில் நீட்டிச் சாய்க்கப் பார்க்கும்.  ஆனால் அதற்கு, நிலா மெல்ல மெல்லத் தள்ளும் தள்ளல் ஒரே திசையில் லட்சக்கணக்கான சுற்றுகளுக்குச் சேர வேண்டும். இங்கே பாதை பதினொரு நாளில் திரும்பிவிடுவதால் தள்ளல் சேருவதற்குள் திசை மாறிவிடுகிறது. வளையம் நடுவரைத் தளத்தை விட்டு விலகாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். சாய்ந்து சுற்றும் துகள்களின் தளங்கள் வெவ்வேறு வேகத்தில் திரும்பி ஒன்றோடொன்று குறுக்கிட்டு மோதும். மோதி மோதிச் சாய்வு குறைந்து, கடைசியில் எல்லாம் நடுவரைத் தளத்தில் படியும்.

ஜே2 காப்பாற்றுகிறது என்றால் சி22 மிரட்டுகிறது. நீண்ட உடல் சுழலும்போது, அதன் இரண்டு முனைகளும் வளையத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தட்டு தட்டுகின்றன. கோளின் சுழற்சிக்கு இணையான வேகத்தில் துகள் சுற்றும் தூரம் ஹௌமியாவுக்குச் சுமார் 1,100 கி.மீ., அதாவது கோளின் நீண்ட முனையையே ஒட்டி. அதற்கு வெளியே, கோள் இருமுறை சுழலத் துகள் ஒருமுறை சுற்றும் இடம் சுமார் 1,750 கி.மீ. இவ்வளவு நீண்ட கோளைச் சுற்றி இந்த இரண்டுக்கும் நடுவில் வளையம் நிற்காது. ஒத்ததிர்வுகளின் தள்ளல் துகள்களை ஒன்று கோளின்மேல் விழவைக்கும், இல்லையென்றால் இருமுறைக்கு ஒருமுறை என்ற அந்த எல்லைக்கு வெளியே துரத்தும். இதற்கு ஹௌமியா அளவுக்குக் கோணல் தேவையில்லை. கரிக்லோ போன்ற கோளில் சில கிலோமீட்டர் உயரமுள்ள ஒரு மேடே போதும் என்று 2019-இல் வந்த ஆய்வு காட்டியது. வளையங்கள் ஏன் கோளை ஒட்டி இல்லாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை என்பது என் கருத்து.

கரிக்லோவின் வளையங்கள், ஹௌமியாவின் வளையம், குவாவாரின் வெளிவளையம் ஆகிய மூன்றும், கோள் மூன்று முறை சுழலத் துகள் ஒருமுறை சுற்றும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. குவாவாரின் உள்வளையம் மட்டும் விதிவிலக்கு: இருமுறைக்கு ஒருமுறை என்ற எல்லைக்கு உள்ளேயே, கோள் ஏழு முறை சுழல ஐந்து முறை சுற்றும் இடத்தருகே இருக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்பதுதான் பிடித்து வைத்திருக்கிறது என்று சட்டென்று முடிவுகட்டிவிட வேண்டாம். இரு முனையும் ஒத்திருக்கும் சீரான நீளுருண்டைக்கு இது உண்மையில் ஆறுக்கு இரண்டு. இரண்டு எண்களின் வேறுபாடே ஒத்ததிர்வின் படி; படி கூடக் கூட வலு குறையும். இது நான்காம் படி, மிகவும் பலவீனம். ஒரு பக்கம் மட்டும் மேடோ கனமோ இருந்தால்தான் அது இரண்டாம் படியாகி வலுப்பெறும். ஹௌமியா வளையத்தை ஆராய்ந்த இன்னொரு ஆய்வு, ஒத்ததிர்வுப் பாதைகள் வளையத்தின் இடத்துக்கும் அகலத்துக்கும் பொருந்தாத அளவுக்கு நீண்டவை என்றும், வட்டத்தை ஒட்டிய வேறொரு பாதைக் குடும்பமே அந்த இடத்துக்குப் பொருந்துகிறது என்றும் காட்டியது.

இதுவரை பார்த்தது தனித்தனித் துகள். துகள்கள் மோதும்போது கதை மாறுகிறது. ஒளியைப் பாதி அளவுக்கு மறைக்கும் அடர்த்தியான வளையத்தில் ஒரு துகள் ஒவ்வொரு சுற்றிலும் சில முறையாவது பக்கத்துத் துகளோடு மோதும். ஒவ்வொரு மோதலிலும் ஆற்றல் கொஞ்சம் வெப்பமாகக் கரையும். உள்ளே இருப்பது இன்னும் உள்ளே, வெளியே இருப்பது இன்னும் வெளியே என்று வளையம் பரவும். பரவ எடுக்கும் காலத்தைச் சுலபமாக மதிப்பிடலாம்: வளைய அகலத்தைத் தடிமனால் வகுத்து, வர்க்கப்படுத்தி, கோண வேகத்தால் வகுக்க வேண்டும். கரிக்லோவின் 3 கி.மீ. வளையத்துக்குத் தடிமன் 1 மீட்டர் என்றால் சுமார் 3,400 ஆண்டு. 7 கி.மீ. வளையத்துக்குப் பதினெட்டாயிரம் ஆண்டு. ஹௌமியாவின் 70 கி.மீ. வளையத்துக்கு ஏறக்குறைய பத்து லட்சம் ஆண்டு. தடிமன் 10 மீட்டர் என்றால் அதுவும் பத்தாயிரமாகக் குறையும். சூரியக் குடும்பத்தின் வயது 450 கோடி ஆண்டு. எனவே, ஒன்று இந்த வளையங்கள் நேற்றுப் பிறந்தவை, இல்லையென்றால் எதுவோ அவற்றை இரு ஓரமும் பிடித்து நிறுத்துகிறது.

பிடித்து நிறுத்தும் வேலையை ஒரு நிலா செய்ய முடியும். யுரேனஸின் எப்சிலான் வளையத்தை கார்டீலியா, ஒஃபீலியா என்ற இரண்டு குட்டி நிலாக்கள் இரு பக்கமும் மேய்ப்பனைப் போல நின்று காக்கின்றன. 1986-இல் வாயேஜர் 2 அவற்றைக் கண்டது. கரிக்லோவின் வளையங்கள் அவ்வளவு கூர்மையாக இருப்பதற்கும் சில கிலோமீட்டர் அளவுள்ள குட்டி நிலாக்கள் காரணமாக இருக்கலாம் என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறார்கள். நிலா வளையத்தைக் கலைக்குமா என்ற கேள்வியை இந்த இடத்தில் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது: பொருத்தமான நிறையில் பொருத்தமான இடத்தில் இருக்கும் நிலா இல்லாவிட்டால்தான் வளையம் கலையலாம்.

எல்லா வளையமும் நிலைத்தது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கைரான் என்ற இன்னொரு சின்னக் கோளைச் சுற்றி 2011, 2018, 2022, 2023 ஆண்டுகளில் பதிவான மறைப்புகளை ஒப்பிட்டால், அங்கே இருக்கும் பொருள் சில ஆண்டுகளுக்குள்ளேயே மாறிக்கொண்டிருப்பது தெரிகிறது.

குவாவாரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் உள்ள விதியை அது மீறுகிறது. ரோச் எல்லைக்கு உள்ளே பொருள் ஒன்றுசேர முடியாது, வளையமாக இருக்கும். வெளியே துகள்கள் தம் ஈர்ப்பால் ஒட்டி நிலாவாகிவிடும் என்பது விதி. துகள்களின் அடர்த்தியை ஒரு கன செ.மீ.க்கு 0.4 கிராம் என்று எடுத்துக்கொண்டால் குவாவாரின் ரோச் எல்லை சுமார் 1,780 கி.மீ. இரண்டு வளையமும் அதற்கு வெளியே. வெளிவளையம் இரண்டேகால் மடங்குக்கும் அப்பால். பழைய கணக்குப்படி அங்கே வளையம் பத்தாண்டுகள் கணக்கில் திரண்டு நிலாவாகியிருக்க வேண்டும்.

ஏன் ஆகவில்லை என்பதைக் கையளவில் வைத்துப் பார்க்கலாம். 1 மீட்டர் ஆரமுள்ள பனிக்கட்டி ஒன்று, அடர்த்தி மேலே சொன்ன 0.4. அதன் மேற்பரப்பிலிருந்து தப்பிக்கத் தேவையான வேகம் நொடிக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு கட்டிகளும் குவாவாரை நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் சுற்றினாலும், ஒன்றையொன்று அணுகும் வேகம் மில்லிமீட்டர் கணக்கில்தான். மோதிய பிறகு விலகும் வேகம் அந்த அரை மில்லிமீட்டரைவிடக் குறைந்தால் ஒட்டிக்கொள்ளும், கூடினால் பிரிந்துவிடும். ஆக, எல்லாம் பனிக்கட்டி எவ்வளவு துள்ளும் என்பதில் இருக்கிறது. மேலே உறைபனிப் பொடி படிந்த கட்டி மெத்தைபோல மோதலை விழுங்கும். இறுகி வழவழப்பான, மிகக் குளிர்ந்த கட்டி கோலிக்குண்டைப் போலத் துள்ளும். ஆய்வகத்தில் பனி உருண்டைகளை மோதவிட்டு அளந்த இரண்டு விதமான அளவீடுகளையும் குவாவாருக்குப் போட்டுப் பார்த்ததில், துள்ளல் அதிகமுள்ள அளவீட்டில் துகள்கள் ஒட்டாமல் வளையமாகவே இருந்தன. அங்கே வெப்பநிலை சுமார் மைனஸ் 230 டிகிரி செல்சியஸ் என்பதை நினைவில் வையுங்கள்.

துள்ளல் மட்டும் போதாது. துள்ளிக்கொண்டே இருக்க ஆற்றல் வேண்டும். இங்கேதான் நிலா மறுபடி உள்ளே வருகிறது. வேய்வோட் குவாவாரை 12.4 நாளில் ஒருமுறை சுற்றுகிறது. அதே காலத்தில் ஆறு முறை சுற்றும் துகள் சுமார் 4,020 கி.மீ.யில் இருக்கும். குவாவாரின் சுழற்சியோடு மூன்றுக்கு ஒன்று பொருந்தும் இடம் சுமார் 4,200 கி.மீ. வெளிவளையம் இரண்டுக்கும் நடுவே, 4,057-இல். இரு பக்கமிருந்தும் துகள்களை லேசாகக் கிளறிக்கொண்டே இருப்பதால் அவை ஒட்ட முடியாமல் போகின்றன என்பது ஏற்கத்தக்க விளக்கம். அந்த வளையம் சுற்றிலும் ஒரே மாதிரி இல்லை. ஓரிடத்தில் சில கிலோமீட்டர் அகலத்தில் அடர்ந்தும், மற்ற இடங்களில் நூறு கிலோமீட்டருக்கு மேல் அகன்று மெலிந்தும் இருக்கிறது. நிலாவின் இழுப்பில் பொருள் ஒரு வளைவில் குவிவதும் இப்படித்தான் தெரியும்.

இதையெல்லாம் கணினியில் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ரீபவுண்ட் என்ற இலவச நிரல் போதும். ஆனால் பிழைகள் வழக்கமாக நுழையும் இடங்கள் சில இருக்கின்றன.

பெரும் பிழை, கோளைப் புள்ளியாக வைத்துவிட்டு நிலாக்களைச் சேர்ப்பது. அப்படி ஓட்டினால் நிலாக்களின் மெல்லிய தள்ளல் தடையின்றிச் சேர்ந்து, இல்லாத ஆபத்து திரையில் தெரியும். ஜே2-ஐக் கட்டாயம் சேருங்கள். அதற்குரிய துணை நூலகத்தில் அது கிடைக்கிறது. சுழலும் சி22-ஐப் பெரும்பாலும் நாமே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும். எழுதச் சிரமமாக இருந்தால் கோளைச் சில புள்ளி நிறைகளாகப் பிரித்து, ஒரு கட்டாகச் சுழலவிடலாம். மேட்டையும் அப்படியே வைக்கலாம்.

அடுத்து நேர இடைவெளி. வளையச் சுற்று 11.7 மணி நேரம், அதில் இருபதில் ஒரு பங்காக 35 நிமிடம் போதும் என்று தோன்றும். போதாது. சுழலும் கோளின் முனைகள் துகளைக் கடப்பது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இருபதில் ஒரு பங்கு என்றால் 9 நிமிடம். பத்தாயிரம் ஆண்டு ஓட்ட வேண்டுமென்றால் ஐம்பது கோடிப் படிகளுக்கு மேல் ஆகும். முதலில் சில நூறு துகள்களோடு நூறு ஆண்டு ஓட்டி, பிழைக்காதவை எங்கே என்று பார்த்துவிட்டு, மிஞ்சிய பகுதியை மட்டும் நீளமாக ஓட்டுவதே நடைமுறை.

மூன்றாவது பிழை மறைவானது. பெரும்பாலான நிரல்கள் ஒரு கணத்து இடத்தையும் வேகத்தையும் வைத்து, கோள் புள்ளியாக இருந்தால் பாதை எப்படி இருக்கும் என்று கணக்கிட்டு மையத்தொலைத்தகவைத் தரும். ஹௌமியாவைப் போன்ற தட்டைக் கோளைச் சுற்றி ஒரு துகள் சுத்தமான வட்டத்தில் போனாலும் அந்த எண் 0.044 என்று காட்டும். 2,287-ஐ அதால் பெருக்கினால் 100 கி.மீ.; வளையத்தின் முழு அகலமே 70 கி.மீ.தான். வளையம் கலைந்துவிட்டது என்று தவறாக முடிவெடுக்க இந்த ஓர் எண்ணே காரணமாகிவிடும். எனவே அந்த எண்ணை விட்டுவிட்டு, பல சுற்றுகளில் துகளின் தூரம் எட்டும் சிறுமத்தையும் பெருமத்தையும் நேராக அளந்து, அவற்றின் வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுத்துக்கொள்ளுங்கள். துகளைத் தொடங்கிவிடும்போதும் புள்ளிக் கோளுக்கான வட்ட வேகத்தைத் தராமல் ஜே2 திருத்தத்தோடு தர வேண்டும். இல்லாவிட்டால் முதல் சுற்றிலிருந்தே பாதை உண்மையாகவே நீளும்.

மோதலைச் சேர்க்காத ஓட்டத்தில் துகள் பிழைத்தது என்றால் அதன் பொருள் இவ்வளவுதான்: அந்த இடத்தில் ஈர்ப்பு அதைத் துரத்தவில்லை. வளையம் குறுகலாக நிற்குமா, நிலாவாகத் திரளுமா என்பதற்கு மோதலும் துள்ளல் எண்ணும் சேர்ந்த தனி ஓட்டம் வேண்டும். அதற்கு முழு வளையத்தை எடுக்க வேண்டியதில்லை; சில நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டை வெட்டி எடுத்து, எல்லைகளை ஒன்றோடொன்று இணைத்து ஓட்டினால் போதும்.

புதிதாக ஓர் அமைப்பைக் கற்பனை செய்து சோதிப்பதற்கு முன், நிலாக்கள் இல்லாமல் ஹௌமியாவை மட்டும் வைத்து, 2,287 கி.மீ.யில் சற்றே நீண்ட பாதையில் ஒரே ஒரு துகளை விட்டுப் பாருங்கள். கணக்கு எளிதாக இருக்க முதலில் ஜே2 மட்டும் போதும். பாதையின் அண்மைப் புள்ளி ஒரு முழுத் திருப்பம் திரும்ப ஏறக்குறைய பதினொரு நாள் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் ஜே2-ஐ எந்த ஆரத்தை வைத்துக் கணக்கிட்டீர்களோ அதையேதான் நிரலுக்கும் கொடுத்தீர்களா என்று பாருங்கள்; பெரும்பாலும் அங்கேதான் தவறு இருக்கும்.